எம்.எஸ்.ஸும் எங்கள் ஸ்டோர்ஸ் வைத்தியர்களும்

1. இருபத்து நாலு பேரிங்

நெய்வேலியில் மைன்ஸ் ஸ்டோர்ஸில் நான் வேலை பார்த்த காலம். ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பன்னிரண்டு பேரிங் இருந்த ரேக்குக்கு நேரே இருபத்து நாலு என்று எழுதினேன். ரேக்கில் தொங்கும் இருப்புக் கணக்கு அட்டையான பின் கார்டில் பன்னிரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருபத்து நாலு. ஸ்டோர்ஸ் ஆபீசர் ராமலிங்கம் சார் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார்.

"பரிமளா மேடம், ஸ்டோர்ஸ்ல பொருள் குறையறத நெறைய பார்த்திருக்கேன். முளைக்கிறத இன்னைக்குதான் பார்க்கிறேன்" என்றார்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது சாருக்கு இரண்டு மூக்கு தெரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து, கடைசியில் நரம்பு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடுகிற நரம்புகளுக்கு மேலே ஓர் உறை இருக்கிறது. உடம்பே அதை அங்கங்கே அரித்துவிடுகிறது என்றார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சேகர் தெர்மல் மின் நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"கேபிள்ல இன்சுலேஷன் போயிருக்கு. அதான டாக்டர்?"

"அதேதான். ஆனா இந்தக் கேபிளை மாத்த முடியாது. மேற்கொண்டு உரியாம பார்த்துக்கத்தான் மருந்து."

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. வாரம் ஒரு ஊசி. போட்ட மறுநாள் குளிர்ஜுரம் போல உடம்பு முறித்துப்போடும். பார்வை சில வாரங்களில் சரியாயிற்று. இடது பாதத்தில் மரமரப்பு மட்டும் தங்கிவிட்டது.

2. நீங்களும் குடிக்கணும்

எங்கள் டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. அதனால் எல்லா ஜில்லா வைத்தியமும் உண்டு. எனக்கு வியாதி என்ற சேதி பிளாக் பிளாக்காகப் பரவியதும் மருந்துகள் வரத் தொடங்கின. எண்ணெய், லேகியம், மந்திரித்த கயிறு, காந்த வளையல், ஏதோ ஒரு மலையடிவாரத்து வேர். அன்போடு கொண்டுவருகிறார்கள், வேண்டாமென்றால் முகம் சுருங்கிவிடுகிறது. வாங்கி வாங்கி அலமாரி நிறைந்துபோயிற்று.

ஸ்டோர்ஸில் வந்த சரக்கை இன்ஸ்பெக்‌ஷன் முடியாமல் உள்ளே எடுக்க மாட்டோம். இதற்கும் ஒரு விதி போட்டேன். மருந்து கொண்டுவருகிறவர் என்னோடு சேர்ந்து முப்பது நாள் அதையே சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். விதியைச் சொன்னதும் பாதிப் பேர் மறுநாள் வரவில்லை.

வந்தவர்களில் முதல் ஆள் தனபால். எங்கள் ஸ்டோர்ஸ் ஹெல்பர், குறிஞ்சிப்பாடிக்காரர், தங்கமான மனுஷன். ஏழு வேர் போட்ட கஷாயத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். விதியைச் சொன்னேன்.

"அதுக்கு இன்னாக்கா, குடிச்சிட்டாப் போச்சி. எங்க வூட்ல வருசா வருசம் குடிச்சிகினுதான் இருக்கோம்" என்று மடக்கென்று குடித்தார்.

எனக்கு வாய் கசந்தது, அவ்வளவுதான். தனபாலுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்றாம் நாள் கன்வேயர் ரோலர் எடுக்க லாரி வந்து நிற்கிறது, இஷ்யூ பண்ண ஆளைக் காணோம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று லாரி டிரைவர் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வருஷா வருஷம் குடிப்பவர்கள் தன் சம்சாரமும் பிள்ளைகளும்தான், தான் இல்லை என்று தனபால் பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்து ராமலிங்கம் சார். அவர் பால், எண்ணெய், கோதுமை, சர்க்கரை நான்கையும் விலக்கச் சொன்னார். நான் பன்னிரண்டு நாள் இருந்தேன். சார் ஐந்தாம் நாளே கேன்டீன் பின்பக்கம் மெதுவடையோடு அகப்பட்டார். உளுந்து அந்த நான்கில் சேராது என்று வாதாடினார். எண்ணெய் சேரும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? தேனீ கொட்டினால் எம்.எஸ். போகும் என்று யாரோ போனில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித் தோப்பில் தேன்பெட்டி வைத்திருந்த ஒருவரைப் பேசி வைத்து, ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிக்காரர் ஒரு தேனீயை இடுக்கியில் பிடித்துக்கொண்டு யாருக்கு முதலில் என்று கேட்டார்.

"ஆபீசருக்குத்தான் முதல்ல" என்றேன்.

சாரின் முழங்கையில் கொட்ட வைத்தது ஒன்று. கூட்டாளியைத் தேடி வந்த இன்னொன்று அவர் உதட்டில் கொட்டியது. மறுநாள் எங்கள் ஸ்டோர்ஸைப் பார்வையிடப் பெரிய அதிகாரி வந்தார். வீங்கிய உதட்டோடு சார் சொன்ன இருப்புக் கணக்கு ஒன்றும் அதிகாரிக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். என் முறை வரவேயில்லை.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. உருப்படியாக நின்றது ஒன்றுதான். பக்கத்து பிளாக்கில் யோகா சொல்லிக்கொடுத்த மெஹருன்னிஸா டீச்சர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தே பயிற்சி கொடுத்தார். "இதுல உங்க வியாதி போவாது. சொல்லிட்டேன். கீழ விழாம நடக்கவும் ராத்திரி தூங்கவும் ஒத்தாசையா இருக்கும்" என்றார். வைத்தியம் சொன்னவர்களிலேயே குறைவாக வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அதனாலேயோ என்னவோ அவரிடம் நிலைத்துவிட்டேன்.

3. நோட்டில் எழுதாத மருந்து

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. இனி சொல்வதில் என் தப்பு இருக்கிறது.

பண்ருட்டி பக்கம் ஒரு வைத்தியர், முற்றாகக் குணமாக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். வாரா வாரம் ஜுரத்தில் கிடந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. சேகரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். அவர் நாடி பிடித்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊசியும் என் மருந்தும் ஒண்ணா இருந்தா ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும்மா. ஊசிய நிறுத்திட்டு வா. நாப்பத்தெட்டு நாள்ல நீயே ஓடுவ."

நான் கேட்க விரும்பியதை அவர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த சூரணத்தை வாங்கிக்கொண்டேன். விதியை அவரிடம் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கும் ஊசிகளை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் அடுக்கினேன். போட்டாயா என்று சேகர் கேட்டால், டியூட்டி முடிந்து வரும் வழியில் நர்ஸிடம் போட்டுக்கொண்டேன் என்பேன். ஜுரம் இல்லாததால் முதல் மாதம் உடம்பு பறந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம், மே மாத வெயில். கன்வேயர் பெல்ட் சுற்றிய டிரம் இறக்குவதைப் பார்க்கத் திறந்தவெளி யார்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது வலது கால் என்னோடு வரவில்லை. கம்பி அடுக்கின் மேல் சாய்ந்து அப்படியே சரிந்தேன். தனபால்தான் ஓடிவந்து தூக்கினார். சாயங்காலத்துக்குள் இடுப்புக்குக் கீழே இரண்டு காலுமே செத்துப்போனது போலாயிற்று.

பாண்டிச்சேரியில் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்கப் போன சேகர், பால் பாக்கெட் வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது முட்டைத் தட்டைத் தள்ளியிருக்கிறார். திரும்பி வந்து, பன்னிரண்டு ஊசியையும் கட்டில் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். படிக்கப் படிக்கச் சிரித்தார். தேனீயிடம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரே கொட்டில் மூச்சடைத்து உயிர் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். என்னென்ன வேர் என்று தெரியாத கஷாயம் கல்லீரலைக் கெடுக்கலாம், அதுவும் வேண்டாம். பயறு, காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம். எண்ணெய் தேய்த்துவிட்டால் சுகமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். யோகாவை விடவே கூடாது. பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க எதை வேணா ட்ரை பண்ணுங்க, எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. எனக்குத் தெரியாம ஊசிய நிறுத்தாதீங்க. ஜுரம் தாங்கலன்னா அதுக்கும் வழி இருக்கு. நீங்க சொல்லவே இல்லியே?"

உண்மைதான். சொல்லவே இல்லை. ஊசி போடும் நேரத்தை மாற்றி, கூட ஒரு மாத்திரை சேர்த்தார். ஜுரம் பாதியாகக் குறைந்தது.

கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் சேகரை அழைத்துக்கொண்டு அந்த வைத்தியரிடம் போனேன். சண்டைக்கு இல்லை. ஊசியை நிறுத்துங்கள் என்று இன்னொருத்தரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான். ஊசியை நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார். சரி, இந்தச் சூரணத்தை என்னோடு நீங்களும் ஒரு வேளை சாப்பிடுங்கள் என்றேன். கையை உதறினார்.

"எனக்கு ஆவாதும்மா. சுகர், பிரஷர் ரெண்டும் கீது. கடலூர் டாக்டரு மாத்திரை குடுத்துகினு இருக்காரு. அதோட வேற எதையும் கலக்கக் கூடாதுன்னுட்டாரு."

சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலுக்கு வந்த பிறகு இருவரும் பஸ் வரும்வரை சிரித்தோம். என் மேல் இருந்த கோபம் அவருக்கு அங்கேதான் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

4. டியூட்டிக்குத் திரும்பியது

மெடிக்கலில் என்னை ஃபிட் என்று எழுதத் தயங்கினார்கள். ராமலிங்கம் சார் நேரில் போய்ப் பேசினார். என் மேஜையைத் தகரக் கூரை ஷெட்டிலிருந்து நிழலான ரூமுக்கு மாற்றினார். ரேக் வேலை தனபாலுக்கு, புத்தக வேலை எனக்கு. வெயில் நாளில் கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார அனுமதி. சூடு ஏறினால்தான் என் கால் மறுக்கிறது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தோம். அந்த ஏற்பாட்டில் இன்னும் பதினாறு வருஷம் வேலை பார்த்து, கைத்தடியோடு ரிட்டயர் ஆனேன்.

சாப்பாட்டு வேளையில் நாற்காலி யோகா செய்வேன். சாருக்கு முதுகு வலி, அவரும் நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு தனபால். வெளியிலிருந்து பொருள் கேட்டு இன்டென்ட் சீட்டு கொண்டுவருகிறவர்கள், ஸ்டோர்ஸில் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஸ்ட்ரைக்கா என்று கேட்பார்கள்.

நீண்ட வியாதியோடு வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நான் குணமாகவில்லை. மருந்து கொண்டுவந்த யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. கசந்ததைக்கூட என்னோடு குடித்தார்கள். என்னைக் கெடுத்தது கஷாயம் இல்லை. டாக்டரிடமும் வீட்டிலும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதுதான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேகர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "ஊசி போட்டாச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஆசை வருகிற வாரங்கள் இன்றும் உண்டு. அந்த வாரங்களில், "இல்ல, போட மனசில்ல" என்று சொல்லிவிடுவேன். அவர் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறப்பார்.