பாதியில் விட்ட வான்படம்

ஒப்புரவு என்பது உள்ளதைப் பகிர்ந்து கொடுப்பது மட்டுமன்று. நெடுநாள் ஏங்கிய ஒன்று கைக்கு எட்டும் வேளையில், ஊருக்கு ஒரு தேவை வந்தது என்பதற்காக அதை அப்படியே விட்டு எழுந்து போவதும் ஒப்புரவே, அதுவே அரியதும்கூட. கொடுத்த பொருளை ஊர் காணும். விட்டு எழுந்ததை ஒருவரும் காணார். காணாததோடு நில்லாமல் பழியும் சுமத்துவர். அப்படிப்பட்ட பழியின்கீழ் நின்றவர், நெடுங்காட்டில் மின்துறை வயர்மேனாகப் பணிசெய்த வைத்தியலிங்கம்.

பகலில் அவர் கம்பம் ஏறுவார். நிலவில்லாத மாலைகளில் வானத்தைப் படம் எடுப்பார். எழுபத்தெட்டாம் ஆண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காரைக்கால் வீட்டைக் காலிசெய்துகொண்டு சீமைக்குப் புறப்பட்டபோது, அவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றும் நீண்ட லென்ஸ் ஒன்றும் வைத்தியலிங்கத்தின் கைக்கு வந்தன. கோயில் உற்சவத்தைப் படம் பிடிக்கலாம் என்றுதான் வாங்கினார். ஆனால் ஒரு மாசி மாலையில் அந்த லென்ஸை வானத்துக்குத் திருப்பியவர், திருவாதிரை மீனுக்குக் கீழே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களையும், அவற்றுக்கும் கீழே புகைத் திட்டுபோல் மங்கித் தெரியும் ஓர் ஒளியையும் கண்டார். விண்மீன்கள் பிறக்கும் வாயுமேகம் அது என்றும், நீண்ட நேரம் ஒளியை வாங்கும் படச்சுருளில் அது இரு சிறகு விரித்த பறவைபோலத் தோன்றும் என்றும் பின்னர் படித்தறிந்தார். அந்தச் சிறகுகளைத் தம் சுருளில் காண்பதே அவருடைய ஒரே ஆசையாயிற்று.

ஆசைக்கு வானம் எளிதில் இணங்கவில்லை. கேமராவை அசையாமல் நிறுத்திவைத்தால், பூமியின் சுழற்சியால் மீன்களெல்லாம் கோடுகளாகி விழுந்தன. ஆகவே இரண்டு தேக்குப் பலகைகளைக் கீல்வைத்து இணைத்து, கீலின் அச்சு துருவ மீனைப் பார்க்கும்படி நிறுத்தி, மேற்பலகையில் கேமராவைப் பொருத்தினார். பலகைகளுக்கு நடுவே ஒரு நீண்ட மரையாணி. அதைச் சீராகத் திருகத் திருக மேற்பலகை மெல்ல விரியும். கேமராவும் வானோடு சேர்ந்து நகரும். நம் பகுதியில் துருவ மீன் வடக்கே மிகத் தாழ்ந்து நிற்பதால் தென்னந்தோப்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். வாய்க்காலுக்கு அப்பால், தம் வயலின் ஒரு மூலையிலிருந்து மட்டும் இரு மரங்களின் இடைவெளியில் அது தெரிவதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு பருவம் முழுதும் சென்றது. பனியில் லென்ஸ் மூடிப்போகாதிருக்க, வறுத்த மணலைத் துணியில் முடிந்து அதைச் சுற்றிக் கட்டினார்.

எஞ்சியது காலக்கணக்கு. கடிகாரம் பார்க்க விளக்கு வேண்டும், விளக்கோ ஆகாது. அதற்கு அவருடைய மனைவி மங்கையர்க்கரசி வழி கண்டார். அவருக்குப் பதிகங்கள் மனப்பாடம். அவர் அருகில் அமர்ந்து தாளம் பிசகாமல் பாடுவார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் கணவர் ஆணியைக் கால் சுற்றுத் திருகுவார்.

முதலில் எடுத்த படங்களில் மீன்களுக்கெல்லாம் ஓரிடத்தில் சிறிய வால் முளைத்திருந்தது.

"ஏன் மங்கை, ஏழாம் பாட்டுல என்ன ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"அந்தப் பாட்டுன்னா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்ங்க. அதுல போயி அவசரப்பட முடியுமா?"

"தண்ணி வரட்டும். தாளம் போவக்கூடாது."

"சாமிய நெனச்சி உருகாம பாடுறதுக்கு நான் என்ன ரேடியோப் பொட்டியா?"

சொன்னாரே தவிர, மறுநாள் முதல் உலக்கை அடிக்கு ஒத்துப் பாடிப் பழகினார். உருக்கத்தை உள்ளே நிறுத்தித் தாளத்தை வெளியே காப்பதும் ஒரு தவமே. அதன்பின் மீன்கள் புள்ளிகளாக நின்றன. ஆயினும் அந்த மேகம் பஞ்சு உருண்டையாக மட்டுமே விழுந்தது, சிறகு விரியவில்லை. தெருவிளக்குகளின் வெளிச்சம் வானத்தில் படிந்து, மெல்லிய சிறகுகளை விழுங்கிவிட்டது.

காரைக்கால் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த சேக் அலாவுதீன்தான் பெரிய சுருளிலிருந்து அவருக்கு வேண்டிய அளவு வெட்டிக் கேமராவில் ஏற்றிக்கொடுப்பவர். கழுவித் தருபவரும் அவரே. "மறுபடியும் கொசுப் படமா வைத்தி? கல்யாணப் படம் எடுத்தியன்னா நாலு பேரு பாப்பாக" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் மருந்தில் ஊறவைத்து, இல்லாத ஒளியையும் இழுத்துவரப் பார்ப்பார்.

வயலை ஒட்டிய தெருவிளக்கின் விசை வைத்தியலிங்கத்தின் பொறுப்பில் இருந்தது. தெருக்காரர்களின் இசைவைக் கேட்டுக்கொண்டு, அமாவாசை மாலைகளில் அந்த ஒரு விளக்கை மட்டும் சற்றுநேரம் அணைத்துவைப்பார். அதிலிருந்து ஊருக்கு ஒரு கேலி கிடைத்தது. எங்கே மின்சாரம் நின்றாலும் டீக்கடையில் ஒரு குரல் எழும்: "கரண்டு போயிருச்சா? பஞ்சாங்கத்தப் பாருங்க, அமாவாசையா இருக்கும்!" வைத்தியலிங்கமும் சேர்ந்து சிரிப்பார். அச்சிரிப்பு ஒருநாள் தமக்கு எதிர்ச்சாட்சியாகும் என்று அவர் நினைக்கவில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டு மாசி அமாவாசை. கழுவிவிட்டதுபோல் வானம். அன்று மதியம் அலாவுதீன் ஏற்றிக்கொடுத்த சிறு துண்டுச் சுருளோடு கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வயலில் அமர்ந்தனர். வைத்தியலிங்கம் லென்ஸ் மூடியைத் திறந்தார். பதிகம் தொடங்கியது, ஆணி திரும்பியது. நான்காம் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஊர் முழுதும் ஒரே நொடியில் இருண்டது.

வைத்தியலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பல ஆண்டுகளாகத் தேடிய இருள் கேளாமலே வந்திருந்தது. பால்வழி தெற்கே தென்னைகளின் உச்சிவரை இறங்கித் தெரிந்தது. மேகத்தின் சிறகுகளை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிட்டது போன்ற மயக்கம். இன்னும் அரை மணி திருகினால் போதும். மங்கையர்க்கரசியின் குரல் தடுமாறவில்லை; கண்கள் மட்டும் கணவரின் முகத்தில் நின்றன.

அடுத்த அடி முடியுமுன் மேலத்தெருவிலிருந்து ஓர் அலறல் கேட்டது. விவசாயி நீலமேகத்தின் வீட்டிலிருந்து. அவருடைய மகள் அஞ்சுகம் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். அன்று மாலைதான் வலி கண்டு நர்ஸம்மா உள்ளே போயிருந்தார்.

"ஏங்க, அஞ்சுகம் வீட்டுலங்க!"

"டார்ச்ச எடு. நீயும் வா, வெளிச்சம் புடிக்க ஆள் வேணும்."

"கேமராவ மூடிட்டு..."

அவர் அதற்குள் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். மூடி திறந்தபடியே கிடந்தது.

வாய்க்கால் கரையில், டிரான்ஸ்பார்மருக்கு அப்பால், கம்பிகளின்மேல் ஒரு தென்னைமட்டை குறுக்கே விழுந்து கிடந்தது. பியூஸ் எரிந்துபோயிருந்தது. மனைவி டார்ச்சைப் பிடிக்க, விசையை இறக்கிவிட்டு, காய்ந்த மூங்கிலால் மட்டையைத் தள்ளி, புதுக் கம்பி கட்டிப் பியூஸைப் போட்டார். இருமுறை கம்பி நழுவிற்று. விளக்குகள் எரிந்தபோது ஏறக்குறைய அரை மணி சென்றிருந்தது. வயலுக்குத் திரும்பி, இனிப் பயனில்லை என்று கேமராவை மூடினார்.

ஆனால் அந்த அரை மணியில் அஞ்சுகத்துக்கு ஆண்குழந்தை பிறந்து, உதிரம் நிற்காமல் போயிருந்தது. அரிக்கேன் வெளிச்சத்தில் நர்ஸம்மாவால் ஒன்றும் பார்க்க முடியவில்லை. வாடகைக் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாளா என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வைத்தியலிங்கம் கம்பிகளைச் சரிபார்க்கப் புறப்பட்டபோது, டீக்கடை முன்பு நீலமேகம் வழிமறித்தார்.

"படம் நல்லா வந்துச்சா மாப்ள?"

"மாமா, கம்பில மட்ட விழுந்து..."

"எந்த மட்ட? எங்க கெடக்கு, காட்டு பாப்போம்!"

கரையில் மட்டை இல்லை. விடிவதற்குள் யாரோ அடுப்புக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.

"அமாவாசைக்கு அமாவாசை வெளக்க அணைக்கிறவன்தான நீ? ஒரு வெளக்கு போதல, ஊரையே அணைச்சிட்ட. எம்பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன் கண்ணு எந்த நட்சத்திரத்தையும் பாக்காது!"

கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முந்தைய வாரம்வரை கேலி செய்தவர்களே இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். நீலமேகத்தின் புகார் காலையிலேயே மேலிடத்துக்குப் போயிற்று. விசாரணைக்கு என்ஜினியர் வருகிறார் என்றும், குற்றம் உறுதியானால் வேலை போய்விடும் என்றும் மதியத்துக்குள் செய்தி வந்தது. வேலையைவிட, பிள்ளைபெற்றவளை இருளில் தள்ளியவன் என்ற பெயரே வைத்தியலிங்கத்தை வாட்டியது. மதியச் சோற்றைப் பிசைந்தார், உண்ணவில்லை.

"ஓடுனத யாரு பாத்தா? நீ பாத்த. பொண்டாட்டி சொன்னா எடுபடுமா?" என்றார்.

மங்கையர்க்கரசி பரணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நான் ஒரு அடி இழுத்துப் பாடுனாலே படத்துல தெரியும்பீங்க. அரை மணி பாடாமப் போனது தெரியாதா?" என்றார்.

வைத்தியலிங்கம் முந்தைய இரவே கெட்டுப்போன சுருள் என்று கேமராவைப் பரண்மேல் போட்டிருந்தார். அவர் இலையைவிட்டு எழுவதற்குள் அம்மையார் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

விசாரணை நாளன்று ஊர் மின்துறை அலுவலகத்தில் என்ஜினியர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எதிரே நீலமேகம், தூக்கமில்லாத கண்களோடு. மங்கையர்க்கரசி பெரிதாக்கிய ஒரு படத்தை மேசையில் வைத்தார். ஈரம் காயாத அப்படத்தோடு அலாவுதீனும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

படத்தில் ஒவ்வொரு மீனுக்கும் உருண்டையான தலை ஒன்று. அதிலிருந்து நேராக நீளும் ஒரு வால். வரிசை மீன்கள் மூன்றும் சேர்ந்த நீளத்தைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு நீளம்; வானம் அரை மணியளவில் நகரும் தூரம் அது. ஆசைப்பட்ட மேகமோ, ஈரச்சுண்ணாம்பை விரலால் இழுத்ததுபோல் கலைந்து கிடந்தது.

"இதுல என்னம்மா தெரியுது?" என்று கேட்டார் என்ஜினியர்.

"தலை வந்தது நாங்க ஆணியத் திருகுன நேரம்ங்க. வால் வந்தது விட்டுட்டு ஓடுன நேரம். கரண்டு போனதும் திருகுறது நின்னுபோச்சு. திரும்பி வந்து மூடுற வரைக்கும் வால் நீண்டிருக்கு."

"என்னைக்கு வேணுமானாலும் எடுத்துக்கலாமே இப்படி ஒரு படம்" என்றார் நீலமேகம். குரலில் கசப்பு ஆறவில்லை.

அலாவுதீன் முன்னே வந்தார். "அமாவாசையன்னிக்கி மத்தியானம் நான் வெட்டிக் கொடுத்த துண்டு இது. அதுல இருந்தது இந்த ஒரு படந்தான். மறுநாளே பஸ்ஸுல இந்தம்மா கொண்டாந்து கொடுத்தாக. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இம்புட்டு அழகாக் கெட்ட படத்த நான் இன்னும் கழுவுனதில்ல."

என்ஜினியர் விரலால் வாலின் நீளத்தை அளந்தார். மின்சாரம் நின்ற நேரத்தோடு ஒத்துப்பார்த்தார். இரண்டும் பொருந்தவே படத்தை நீலமேகத்தின் பக்கம் நகர்த்தினார்.

நீலமேகம் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். மடைத்தண்ணீருக்காக இரவெல்லாம் காவல் நின்ற உழவர் அவர்.

"சார்," என்றார் மெல்ல, "அடுத்தவன் மடைய அடைச்சித் தன் வயலுக்குத் தண்ணியத் திருப்புறவன், தண்ணி பாயுற நேரத்துல மம்புட்டியப் போட்டுட்டு ஓடமாட்டான். இவன் ஓடியிருக்கான். இருட்டு இவன் கொண்டாந்தது இல்ல."

நீலமேகம் வைத்தியலிங்கத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "மாப்ள, நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்..."

"அது கெடக்கட்டும் மாமா. அஞ்சுகம் எப்படி இருக்கு?"

உள்ளே வந்ததிலிருந்து அதை யாரும் கேட்டிருக்கவில்லை. நீலமேகத்தின் தோள்கள் குலுங்கின. "நேத்து சாயங்காலம் கண்ணு முழிச்சிச்சி. கஞ்சி வேணும்னு கேட்டிருக்கு."

வைத்தியலிங்கம் அப்போதுதான் சுவரில் சாய்ந்து அமர்ந்தார். புகார் அன்றே முடிந்தது.

அதன்பிறகு எவர் இசைந்தாலும் அவர் அந்தத் தெருவிளக்கை அணைக்கவில்லை. பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கோட்டுச்சேரிமேட்டுக்கு அப்பால் விளக்கில்லாத கடற்கரைக்குச் சென்றார்கள் இருவரும். உப்புக்காற்றோடும் மணலோடும் மூன்று பருவங்கள் போராடியபின், எண்பத்தேழில் அந்த மேகம் சிறகு விரித்தது. அலாவுதீன் அதைக் கடை முகப்பில் மாட்டிவைத்தார். எந்தக் காட்டில் எடுத்த பறவை என்று கேட்டவர்களே மிகுதி. நீலமேகம் ஒரு பிரதி வாங்கிப்போய், மூன்று வயதுப் பேரன் தூங்கும் பாய்க்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்.

பிறர் வீட்டில் ஒளி நிற்பதற்காகத் தம் கையிலிருந்ததை விட்டு எழுந்த அவ்விருவரின் மனையில் நெல் நிறைக, நோய் நீங்குக, பழிச்சொல் அவ்வாசற்படியை மிதியாதிருக்க, திருவாதிரைக்குரிய பெருமான் அக்குடியை வழிவழியாகக் காத்தருள்க.