பெயர்ச்சீட்டு வைக்க மறுத்த லாமகின்

லாமகின் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் ஃபென்னாவின் கல்யாண விருந்தில். அவள் ஃபென்னாவுக்கு ஓரகத்தி. "அவகிட்ட வாயைக் கொடுத்தா மீள முடியாது" என்று என் மாமியார் எச்சரித்தாள். அறுபத்திரண்டாம் வருஷம் எம்மன் ஊர் நைலான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பக்கத்து இயந்திரமே எனக்கு வாய்த்தது.

எங்கள் வேலை நூலை இழுப்பது. உருக்கி வந்த, இன்னும் இழுக்காத நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகள் சிக்குத் தலைமுடி மாதிரி கிடக்கும். முதல் உருளை மெதுவாகச் சுற்றும். அடுத்தது நாலு மடங்கு வேகமாக. இடையில் நூல் நீண்டு, சிக்கு நீங்கி, இழைகள் நெருங்கிப் படுத்து ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் நூலின் பலம். முடிந்த நூல்கண்டு ஒவ்வொன்றிலும் இழுத்தவள் தன் பெயர்ச்சீட்டைச் செருக வேண்டும். புகார் வந்தால் அவள் பெயருக்கே வரும்.

அந்தக் குளிர்காலத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி ரூலோஃப் பல்சக்கரத்தை மாற்றி, நாலு மடங்கை மூன்றாக்கினார். நூல் அறுந்துபோவது நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. லாமகின் மட்டும் நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு, தன் சீட்டுகளை எல்லாம் உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக் காபி வேளையில் ரூலோஃப் வந்துவிட்டார்.

"சீட்டெல்லாம் எங்கம்மா?"

"என் பையில."

"கண்டுலதானே இருக்கணும்?"

"அது நீங்க பாதியில விட்ட நூலு, ஐயா. உங்க பேரை வைங்க."

பிஸ்கட்டைக் கடித்தபடி நாங்கள் சிரித்துவிட்டோம். அவருக்கு முகம் சிவந்தது.

"இப்பதான் அறுந்து போறதில்லையே! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"இங்க அறுந்து போகாது. உர்க்கு ஊரு மீன்காரங்க வலை பின்னிக் கடல்ல போட்டா, மீன் பாரத்துல ஜவ்வு மாதிரி நீண்டுடும், சுருங்கி வராது. இந்தாங்க, இழுங்க."

அவர் இழுத்தார். நூல் ஓரிடத்தில் மெலிந்தது. அந்த மெலிவு அப்படியே ஓடி, ஒரு சாண் நூல் ஒன்றரைச் சாணாகித் தொங்கிப்போனது. நாலு மடங்கில் இழுத்த போன மாதத்து நூலைக் கொடுத்தாள். அது அசையவில்லை, அவர் விரலைத்தான் அறுத்தது.

"நாலுக்கு மாத்துங்க. அதுவரைக்கும் என் மெஷின் ஓடாது."

"ஓட்டலேன்னா வீட்டுக்குப் போ!"

"போறேன். சோதனைக்கூடத்து வழியாப் போறேன்."

இரண்டு கண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அங்கே இரண்டிலும் எடை தொங்கவிட்டுப் பார்த்தார்கள்; புது நூல்தான் நீண்டுபோனது. திங்கட்கிழமை சக்கரம் நாலுக்குத் திரும்பியது. நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. மேஸ்திரியை எதிர்த்துப் பேசியதற்காக அவளைப் பெட்டி கட்டும் கூடத்துக்கு மாற்றினார்கள்.

"நல்லதாப் போச்சு. இனிமே எல்லா மெஷின் நூலும் என் கை வழியாத்தானே போகணும்!" என்றாள். சொன்னபடியே பத்தொன்பது வருஷம் பெட்டிக்கு ஒரு கண்டை இழுத்துப் பார்த்தாள். மெத்தென்று நீண்டதை எல்லாம் ரூலோஃபின் மேசைக்கே திருப்பி அனுப்பினாள்.

லாமகின் இப்போது எம்மன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடி வீட்டில், ஓய்வு பெற்று, தனியாக இருக்கிறாள்.