இருபது கிலோவுக்குள் ஒரு தோணி

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் தராசு பழுது பார்த்தவர். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், மலைக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் பாய் விரித்துப் போகத் தோணி கட்டப்போவதாகச் சொன்னார். அது அவருடைய வெகுநாள் ஆசை. அந்த ஏரிக்கு ரோடு கிடையாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மைல் தோளில் சுமக்க வேண்டும். டாக்டரோ இருபது கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றிருந்தார்.

"அப்ப இருபதுக்குள்ள கட்டிட்டாப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னறையைக் காலி செய்து கொடுத்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

மெல்லிய பிளைவுட்டை நீளநீளமாக அறுத்து, செம்புக் கம்பியால் தைத்து, இடுக்குகளில் ரெசின் பசை பூசினார். மேலே கண்ணாடி இழைத் துணி ஒட்டினார். ஒவ்வொரு துண்டையும் தொங்கு தராசில் மாட்டி, எடையைச் சுவரில் பென்சிலால் எழுதினார். பாயை நான் தைத்தேன். தனியாக இரண்டாம் நடையில் வரப்போகிற பாய் அது; அதன் நூலைக்கூட மனுஷன் விடவில்லை, நிறுத்தார்.

ஒருநாள் தோணியின் அடியைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கல்லில் உரசினால் கிழிந்துவிடும் போலிருந்தது. அவருக்கு நீச்சலும் சுமார்தான். அவர் செக்கப்புக்குப் போன அன்று, மிச்சமிருந்த கண்ணாடி இழைத் துணியை அடியில் விரித்து ரெசினைப் பூசினேன். காய்ந்ததும் பெயின்ட் அடித்து மூடிவிட்டேன். பெயின்ட் அடித்ததற்கு எனக்கு நன்றி வேறு சொன்னார்.

கடைசி நிறுவையில் பத்தொன்பதரை வர வேண்டும். முள் இருபத்திரண்டரையில் நின்றது.

அவர் தோணியைச் சந்தேகப்படவில்லை. என்னையும் சந்தேகப்படவில்லை. தராசைப் பிரித்துப் போட்டு, ஸ்பிரிங்கைத் துடைத்து, எடைக்கற்களை மாட்டி மாட்டி இரண்டு நாள் பார்த்தார். கோளாறு எதுவும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் தோணியைத் துணி போட்டு மூடினார்.

"என் கை போயிடுச்சு போல. இனிமே நான் எதையும் நிறுக்கிறதா இல்ல."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏங்க, தராசு சரியாத்தான் இருக்கு. நான்தான் அடியில இன்னொரு துணி ஒட்டினேன்."

"எதுக்கு?"

"நீங்க மூழ்கிடக் கூடாதுன்னுதான்."

கத்துவார் என்று நின்றேன். பென்சிலை எடுத்துச் சுவரில் ஏதோ கணக்குப் போட்டார்.

"ரெண்டா வகுத்தா ஆளுக்குப் பதினொண்ணேகால். நீ தூக்குவியா?"

"இந்த வீட்ல இருபது லிட்டர் தண்ணி கேனை யார் தூக்குறாங்களாம்?"

முன்னால் நான், பின்னால் அவர் என்று அந்த ஒரு மைலையும் நடந்தோம். தண்ணீரில் இறக்கும்போது அடிப்பக்கம் பாறையில் நறநறவென்று உரசியது. குனிந்து பார்த்தோம். பெயின்ட் மட்டும்தான் போயிருந்தது. அவர் அந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, என்னை ஏறச் சொன்னார்.

சாமான் வைக்கும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பாயில் காற்று பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இந்த மனுஷனை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு இந்த ஏரியையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்காமலே அதுவும் கிடைத்தது.