இடைவேளையில் நின்றுபோன கிணற்றுக் கணக்கு

"ஆர் மெயினை நிப்பாட்டினது?" என்று விஞ்ஞான ரீச்சர் கேட்டபோது, நான் ஆய்வுகூடத்தின் பின்வரிசையில் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளனாக இருக்கிறேன். சேர்ந்த அன்றே சொல்லித்தந்த ஒழுங்கு: ஆள் இல்லாத ஆய்வுகூடத்தில் காஸ், தண்ணீர், மின்சாரம் மூன்றும் நின்றிருக்க வேண்டும். இடைவேளை மணி அடித்தால் என் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போகும்.

அன்று பிள்ளைகள் கணினியில் ஒரு கிணற்று மாதிரியை ஓடவிட்டிருந்தார்கள். பெய்யும் மழையையும் தோட்டத்துக்கு இறைக்கும் தண்ணீரையும் கொடுத்தால், நிலத்தடியில் உவர்நீர் எவ்வளவு மேலே ஏறும் என்று அது காட்டும். பழைய கணினி. பத்து வருடக் கணக்கைப் போட ஒரு பகல் வேண்டும். மறுநாள் இந்த மாதிரியோடு விஞ்ஞானப் போட்டிக்குப் போக வேண்டும். இடைவேளை மணி அடித்து நான் பார்த்தபோது திரை மட்டும் தானாக அணைந்து கறுத்திருந்தது. வேலை முடிந்துவிட்டதென்று மெயினை இறக்கிவிட்டேன்.

"சுவிச்சடியிலை நீதானே பிள்ளை இருந்தனி?" என்று ரீச்சர் மாணவி மதுராவைக் கேட்டார்.

"நான் தொடேல்லை ரீச்சர்."

"அப்ப பேய் வந்து நிப்பாட்டினதாக்கும்," என்றான் ஒரு பெடியன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பொறுப்பில்லாத ஆக்களை நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகேலாது," என்றார் ரீச்சர்.

மதுரா வீட்டுத் தோட்டக் கிணறு உவராகிவிட்டது. தண்ணீர் இறைப்பதைப் பாதியாக்கினால் என்ன நடக்கும் என்று முதலில் கேட்டவளே அவள்தான். துணியை வைத்தேன், எடுத்தேன், பிறகு முன்னால் போனேன்.

"நான்தான் ரீச்சர் நிப்பாட்டினது. ஓடுறது தெரியேல்லை."

"பத்து நிமிசமா அந்தப் பிள்ளையை ஏசுறன். கேட்டுக்கொண்டுதானே நிண்டனீங்கள் அண்ணை?"

"ஓம்."

ரீச்சர் மதுராவிடம் திரும்பினார். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இனி முதல்லையிருந்து ஓடவிட்டா எத்தினை வருசம் ஓடும்?"

"பள்ளிக்கூடம் விட முதல் மூண்டு வருசம் ஓடும்." கணினி முன் அமர்ந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மணி அடிச்சாலும் தொட்டுப்போடாதேங்கோ அண்ணை."

மறுநாள் அவளும் போட்டிக்குப் போனாள். எந்த வருடம் உவர்நீர் கிணற்றை எட்டும் என்று நடுவர் கேட்டாராம். அவர்களின் கணக்கு மூன்றாம் வருடத்தோடு நின்றிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். சுவிட்சைத் தொடமுன் கேளுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால், இன்னொருவரின் பெயர் அடிபடமுன் வாயைத் திறவுங்கள். கணக்கை மறுபடி ஓடவிடலாம். அந்தப் பத்து நிமிடம் மதுரா நின்ற நிலைக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.