கதிரேசனின் வண்டிக்கு ஒன்றுமில்லை

போன சனிக்கிழமை காலையில் என் பழைய காரின் ஹூடைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் அடியில் வெளிர் மஞ்சளாக, நுரைத்துப்போன ஏதோ ஒன்று கெட்டியாக ஒட்டியிருந்தது. சைக்கிளோடு பக்கத்தில் நின்றிருந்த மகள் எட்டிப் பார்த்து, "யக்! இஸ் தட் மேயோ, டாட்?" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் வராது. இதே பாலாடையை முன்பு ஒருமுறை, கதிரேசனின் வண்டியில் பார்த்திருக்கிறேன்.

முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல ஆனால், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினுக்குள் ஆயிலையும் குளிர்விக்கும் நீரையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் கிழிந்து, அந்த நீர், அதாவது கூலண்ட், ஆயிலில் இறங்கியிருக்கலாம். அது பெரிய வியாதி. இல்லையென்றால், வண்டி அக்கம்பக்கத்திலேயே ஓடி, எஞ்சின் சூடேறும் முன்பே நின்றுவிடுகிறது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போக நேரமில்லாமல் மூடியில் படிகிறது. இது வியாதியே இல்லை, அரைமணி நேரம் ஃப்ரீவேயில் ஓட்டினால் போய்விடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது. கூலண்ட் கோடு வரை நிரம்பியிருந்தது. சான் ஹோசே பக்கமுள்ள டப்ளினில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு மகளின் பள்ளியும் மளிகைக் கடையும் விட்டால் வேறு போக்கிடம் ஏது? ஆக, என் வண்டிக்கு ஒன்றுமில்லை. ஃபோனில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆனது. படித்துவிட்டு கராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பத்து நிமிடத்தைப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பு செலவழித்திருக்கலாம்.

அப்போது நானும் கதிரேசனும் ஃப்ரீமான்டில், மௌரி அவென்யூவுக்குப் பின்னால் ஒரு மாடி அபார்ட்மெண்டில் இருந்தோம். அவன் ஒட்டன்சத்திரத்துக்காரன். மனைவி கோமதி ஊரில் இருந்தாள், குழந்தைக்கு ஐந்து மாதம். மார்ச்சில் இருவரும் வந்துவிடுவார்கள் என்று டிக்கெட் போட்டு, தொட்டில் கூட வாங்கி அட்டைப் பெட்டியோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல்தான் துவைத்த துணியைப் போடுவோம்.

அந்த அபார்ட்மெண்டில் எனக்கு டாக்டர் என்று பெயர். கீழே நிற்கும் பழைய ஜப்பான் கார்களுக்கெல்லாம் நான்தான் நாடி பார்ப்பேன். ஸ்பேனர் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். இன்டர்நெட்டில் யாராவது கேட்ட கேள்விக்கு வந்திருக்கும் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு, மீதி வைத்தியத்தை நானே சேர்த்துக்கொள்வேன். யாருக்கும் பெரிய சேதம் வந்ததில்லை, கதிரேசன் வரைக்கும்.

மழையும் குளிருமான ஜனவரி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டிக்கு ஆயில் பார்க்கப் போனேன். அவனுக்கு வேலை போய் அன்றைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். சான் ஹோசேவுக்கு என்று நான் நினைத்திருந்தேன். போனதெல்லாம் இரண்டு மைல் தள்ளியிருந்த பொது நூலகத்துக்கு. வேலை போனால் விசாவும் போச்சு. அடுத்த வேலை பிடிக்க எத்தனை நாள் இருக்கிறது என்பதில் வக்கீலுக்கு வக்கீல் ஒரு கணக்குச் சொன்ன காலம் அது.

மூடியைத் திறந்தேன், பாலாடை. டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். மூடியை மூக்கருகே கொண்டுபோனேன். கூலண்ட் கலந்திருந்தால் இனிப்பு வாடை வரும் என்று படித்திருந்தேன், வந்தது. கதிரேசன் காருக்குள் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த வெனிலா வாசனை அட்டையின் வாடை அது என்று இப்போது நினைக்கிறேன்.

"ஹெட் கேஸ்கட் போச்சுடா. இனிமே இதை ஸ்டார்ட் பண்ணாத. எஞ்சின் சீஸ் ஆகி இறுகிப்போயிரும்."

"வேற எதுக்கும் இப்படி வராதா மாப்ள?"

"வராது. டெய்லி எவ்ளோ தூரம் ஓட்டுற?"

அவன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தான். "தெரியாதா உனக்கு? ஃப்ரீவேல தான். போக வர முப்பது மைல்."

"அவ்ளோ ஓட்டுனா கேஸ்கட் தாங்காது, சந்தேகமே இல்ல" என்று சொல்லி, கையை நீட்டிச் சாவியை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் நல்லதுக்குத்தான். அதோடு விட்டேனா? "உன் ஆபீஸ் என் வழிதானே, நானே டிராப் பண்றேன்" என்றும் சொன்னேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னான். எனக்கு அது கூச்சமாகத் தெரிந்தது.

திங்கள் முதல் தினமும் காலை எட்டரைக்கு, அவனை வெளியே அனுப்பிய அதே கம்பெனியின் கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். இறங்கிக் கதவைச் சாத்தி, குனிந்து கையசைப்பான். நான் வண்டியைத் திருப்பிப் போகும்வரை கேட்டுக்குள் போகிறவன் மாதிரி மெதுவாக நடப்பான். மாலை ஆறுக்கு அதே இடத்தில் தயாராக நிற்பான். "உனக்கெல்லாம் ஆபீஸ்ல வேலையே இல்லையாடா, எனக்கு முந்தி வந்து நிக்கிற?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். சிரித்தான். இன்றும் சான் ஹோசேயில் யாராவது பையோடு கேட்டருகே தனியாக நின்றால், என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

புதன்கிழமை கேட்டான்: "நாளைக்கு உன் வண்டி குடுப்பியா? சேக்ரமெண்டோல ஒரு கிளையண்ட் மீட்டிங்." எனக்கும் அன்று முக்கியமான டெமோ. "கம்பெனில ரென்டல் கேளுடா, கம்பெனி வேலைக்கு நீ ஏன் வண்டி தேடி அலையணும்?" என்றேன். சரி என்றான். வியாழக்கிழமையும் கேட்டில்தான் இறக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல ஆன்ஸரிங் மெஷினின் பட்டனை அமுக்கினேன். ஒரு பெண்ணின் குரல். சேக்ரமெண்டோ இன்டர்வியூவுக்கு நேற்று ஏன் வரவில்லை, காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று கதிரேசனின் பெயரைக் கடித்துத் துப்பிச் சொல்லி முடித்தது. கதிரேசன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஒரு மாசமாச்சு மாப்ள, வேலை போயி" என்றான்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது இது: "அந்த வண்டில போயிருந்தாலும் பாதி வழில நின்னிருக்கும்டா."

"ஆமா, நின்னிருக்கும்" என்றான்.

இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டான். கோமதியும் குழந்தையும் வரவே இல்லை. வண்டியை யாரோ வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் அதே வண்டி, அதே நசுங்கிய பம்பரோடு, மௌரியில் என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். கேஸ்கட் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடமாக என்னைத் தூங்கவைத்தது அந்த ஒரு சமாதானம்தான். வண்டி கெட்டிருந்தது, நான் என்ன செய்ய முடியும்?

கராஜ் படியில் உட்கார்ந்தபடியே அவனுக்கு எழுதினேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், நானும் அனுப்புவேன். "கதிர், உன் பழைய வண்டிக்கு ஒண்ணுமே இல்லடா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

உடனே பதில் வந்தது. "தெரியும் மாப்ள. நீ கேட்ல எறக்கிவிட்ட மொத நாளே அங்க ஒரு லைப்ரரி தேடிப் போய் கார் புக் எடுத்துப் படிச்சேன். கிட்டக்க கிட்டக்க ஓட்டுனா அப்படி வரும்னு போட்டிருந்துச்சு."

"அப்ப ஏன்டா சாவியக் கேக்கல?"

"கேட்டா, கிட்டக்க எங்கடா ஓட்டுறன்னு நீ கேட்டிருப்ப."

கேட்டிருந்தால் என்ன, சொல்லியிருக்கலாமே என்று டைப் செய்தேன். அனுப்பும் முன் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த டிசம்பரில் கீழ்வீட்டுப் பையன் ஒருவனுக்கு வேலை போயிருந்தது. சாப்பிடும்போது நான், "வேலை தெரிஞ்சவனை எவன்டா வெளிய அனுப்புவான்? தூங்குமூஞ்சிகளத்தான் தூக்குவான்" என்று பெரிய மனுஷன் போலப் பேசினேன். கதிரேசன் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். டைப் செய்ததை அழித்துவிட்டு, "வீட்லயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"கோமதிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். உன்கிட்டதான் மாப்ள, வாய் வரல."

ஃப்ரீமான்டில் அந்த அபார்ட்மெண்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். சான் ஹோசேயில் அந்த கேட் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. அதெல்லாம் போனால் போகட்டும். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் அவ்வளவு நெருக்கமாக இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றி எத்தனையோ பேரிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல முடியாது.