ரிப்பன் கட்டிய குழாய்

எங்கள் பள்ளியைப் போல மழைநீரைச் சேமித்தவர்கள் பெங்களூரில் வேறு யாரும் இருக்க முடியாது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டைக்கூடச் செலவழிக்கவில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. குழாயின் பூட்டுச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது.

ஓசூர் ரோட்டில் சாஃப்ட்வேர் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்த காலம். அடுகோடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. அங்கே வேலை பார்த்த ஆயா, தினமும் காலையில் தெருக்குழாயில் பன்னிரண்டு குடம் பிடித்து வந்து ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் ஊற்றுவார். அவருக்கு இடுப்பு விட்டுப்போனதால், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை டாக்டரைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர்.

"தூக்க முடியலைன்னா சொல்லிடுங்க ஆயா. வேற ஆள் பாத்துக்கறேன்."

ஆயாவின் வேலை போகக்கூடாது என்றுதான் நான் மழைநீர்த் தொட்டி யோசனையைச் சொன்னேன். மொட்டைமாடித் தண்ணீர் பைப் வழியாகத் தொட்டிக்கு வரும், தோட்டத்திலேயே குழாய், குடமே வேண்டாம். பக்கத்துப் பள்ளி நீர் சேமிப்புக்காக ஒரு ஷீல்டு வாங்கியிருந்ததால் தலைமையாசிரியைக்கும் உடனே இயற்கை மேல் பாசம் பொங்கியது.

தொட்டி வந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். இரண்டே மழையில் நிரம்பியது. ஆயா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயருகே போனார்.

"ஆயா, தொடாதீங்க. சீஃப் கெஸ்ட் வந்துதான் தெறக்கணும்" என்றார் தலைமையாசிரியை.

குழாய்க்குச் சிவப்பு ரிப்பன் கட்டினோம். பிள்ளைகள் திருகிவிடக் கூடாதே என்று ஒரு பூட்டும் போட்டோம். சீஃப் கெஸ்ட் பெரிய மனிதர். அடுத்த வாரம் என்றார், பிறகு பண்டிகை முடியட்டும் என்றார், பிறகு ஊரிலேயே இல்லை. வருண பகவானுக்கு இந்த நடைமுறையெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குப் பெய்தார். நிரம்பிய தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து ரோட்டுச் சாக்கடைக்குப் போனது. மழை இல்லாத நாட்களில் ஆயா அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் குடம் சுமந்து வந்தார்.

"மிஸ், ரெண்டு பக்கெட் பிடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"இன்னும் ஒரு வாரம்தான் ஆயா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சாவியைக் கொடுத்திருக்கலாம். நான் அப்போது பர்மனென்ட் ஆகாத டீச்சர். எனக்கும் பயம் இருந்தது. ஆனால் என் இடுப்பு நன்றாக இருந்தது.

கடைசியில் சீஃப் கெஸ்ட் ஒரு தேதிக்கு ஒப்புக்கொண்டார். மழைநீரால் செழித்த தோட்டத்தை அவர் பார்க்க வேண்டுமல்லவா? அதனால் அன்று காலை தோட்டத்துக்கு இரட்டிப்புத் தண்ணீர் என்று உத்தரவு. தொட்டித் தண்ணீர் குறையக் கூடாது, அதனால் தெருக்குழாயிலிருந்து. பதினெட்டாவது குடத்தில் ஆயா படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோ திரும்பிய அதே கேட்டில் சீஃப் கெஸ்ட்டின் கார் நுழைந்தது. நான் பூட்டைத் திறந்தேன், அவர் ரிப்பனை வெட்டிக் குழாயைத் திருகினார், பிள்ளைகள் கை தட்டினார்கள். செடிகளின் பச்சையைப் பார்த்து, மழைநீருக்கு ஒரு தனிச் சத்து இருக்கிறது என்று விளக்கினார். அறிவியல் ஆசிரியையான நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் புது ஆள் சேர்ந்தார், நல்ல வாட்டசாட்டமான இளைஞர். குழாயில் ஹோஸைச் சொருகி, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கால் மணி நேரத்தில் தோட்டத்தை நனைத்து முடித்தார்.

"எவ்வளவு சுலபம் பாருங்க. இந்த வேலைய அந்த ஆயாவே செஞ்சிருக்கலாமே" என்றார் தலைமையாசிரியை, உண்மையான ஆச்சரியத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். கோபத்தில் நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருந்தேன். சுவரோரம் பாயில் படுத்திருந்தவர் தலையை மட்டும் திருப்பினார்.

"வாங்க மிஸ். கொழாய்ல தண்ணி நல்லா வருதா? நான் ஒரு வாட்டிகூடத் தெறந்து பாக்கல."

நன்றாக வருகிறது என்றேன்.