பகலில் தூங்கவிடாத பாவம்

என் மகள் தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. இருபத்தைந்து நாளாகப் பத்தியச் சமையல், வெந்நீர், துணி துவைப்பது என்று என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இது போதாதென்று இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பிள்ளை பெற்றவள் பகலில் தூங்கினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். என்னையும் அப்படித்தான் விழிக்க வைத்தார்கள். அதனால் மதியம் அவளுக்குக் கண் சொருகினால் தோளைத் தட்டி எழுப்புவேன். இரவில் குழந்தை விடாது. பகலில் நான் விடவில்லை.

அவள் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது கண்ணீர் தட்டில் விழும், துடைக்க மாட்டாள். கண்ணேறு என்று நினைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். தீட்டு கழியாததால் கோயிலுக்குப் போக முடியாது. வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்து, ரங்கநாதா, என் பெண்ணைக் காப்பாற்று என்று கும்பிடுவேன். கும்பிட்ட கையோடு உள்ளே போய் அவளை எழுப்புவேன்.

ஒரு மதியம் அப்படித் தட்டியபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, பாப்பாவ எடுத்துட்டுப் போயிடும்மா. என் கைக்கு எட்டாம வச்சிடு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"சீ, பெத்தவ பேசுற பேச்சா இது?" என்று அதட்டினேன். ஆனால் குழந்தையை அவள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். உடனே ஆட்டோ பிடித்து, புத்தூரில் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் இருவரையும் கூட்டிப்போனேன்.

அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "ராத்திரி எவ்வளவு நேரம்மா தூங்குற?"

"ஒரு மணி நேரம் இருக்குங்க."

"பகல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க தூங்க விடல," என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பிரசவத்துக்கப்புறம் சிலருக்கு வர்ற வியாதிம்மா இது. அவ மேல தப்பு இல்ல. மருந்து இருக்கு, சரியாயிடும். மனநல டாக்டருக்கு எழுதித் தரேன், இன்னிக்கே பாத்துட்டுப் போங்க. தனியா விடாதீங்க. தூங்க விடுங்க."

அன்றே அந்த டாக்டரையும் பார்த்து மருந்து வாங்கி வந்தோம். மறுநாள் மதியம் என் நாத்தனார் குழந்தையைப் பார்க்க வந்தாள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, மகாராணி பகல்லயே படுத்தாச்சா? நான் மூணு பெத்துட்டு மறுமாசமே மாவாட்டுனேன்."

"ஆட்டுன. ஆட்டிக்கிட்டே அழுததும் எனக்குத் தெரியும்ல?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கையை நீட்டி என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன்.

நடுவில் பால் கொடுக்க மட்டும் மகளை எழுப்பி, கூடவே உட்கார்ந்திருந்தேன். கொடுத்துவிட்டு மறுபடி படுத்தவள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தாள். குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. பசிக்கிறது என்றாள். சோறு போட்டேன்.